தமிழ்நாட்டு நம்பர், கர்நாடக வரி: இரண்டு கஜானாக்களுக்கு நடுவே ஒரு கார்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சிறிய கார்கள் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன் மேல் ஏறியிருந்த செஸ் தொகையும் நீங்கியது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் கொண்ட வண்டிகளுக்கு இந்தச் சலுகை. மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் புறப்படும் குமாஸ்தாவுக்கும் கார் ஆசை வந்ததில் வியப்பில்லை. புதுக் கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்கத்தானே வேண்டும்?

ஆனால் பெங்களூர்த் தமிழர்களில் பலர் கார் வாங்குவது பெங்களூரில் அல்ல. வேலூரிலோ சேலத்திலோ இருக்கும் மாமாவோ மைத்துனரோ பெரிய வண்டி வாங்கும்போது, வீட்டில் நின்ற சின்ன வண்டி “வெளியாருக்குப் போவானேன்” என்று இங்கே வந்து சேருகிறது. விலை மலிவு, வண்டியின் பூர்வோத்தரமும் தெரியும். தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. அது என்ஜினில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

பதிவு இந்தியாவுக்கு, வரி மாநிலத்துக்கு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-வது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. அடுத்த பிரிவே அதற்கு எல்லை கட்டுகிறது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும். புதிய எண் என்றால் புதிய ஆயுள் வரி. ஆயுள் வரி என்பது வண்டியின் ஆயுளுக்கான வரி என்று வாங்கியவர் நினைத்திருப்பார். உண்மையில் அது அந்த மாநிலத்தில் வண்டி இருக்கும் ஆயுளுக்கான வரியே.

இந்தச் சிக்கலின் வேர் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. வாகன வரி, மாநிலப் பட்டியலின் 57-வது இனம். மோட்டார் வாகனங்களும், அவற்றின் மீது வரி விதிப்பதற்கான நெறிகளும் பொதுப் பட்டியலின் 35-வது இனம். அதாவது, மாநிலங்கள் வரி போடலாம். எந்த நெறிப்படி போடுவது என்று பாராளுமன்றம் வகுக்கலாம். முதல் அதிகாரத்தை மாநிலங்கள் தயங்காமல் பயன்படுத்திக் கொண்டன. இரண்டாவது அதிகாரம் பெரும்பாலும் புத்தகத்திலேயே உறங்குகிறது.

வரியோ அற்பத் தொகை அல்ல. தமிழ்நாடு 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தியது. அந்த விகிதப்படி 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேல் 20. ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு 78,000 ரூபாய். கர்நாடகத்திலோ நெடுநாளாகவே 13 சதவீதத்தில் தொடங்கி 18 வரை போகும் அட்டவணை. அதற்கு மேல் செஸ் தனி. பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைத்துத்தான் வாங்குகிறார்கள் என்றாலும், மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்தத் தொகை இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது.

கர்நாடகத்தில் இதைவிடக் கடுமையான காலமும் இருந்தது. வெளிமாநில வண்டி 30 நாட்களுக்கு மேல் இங்கே ஓடினாலே முழு ஆயுள் வரி என்று 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சாலையில் மறித்து வண்டிகளைப் பிடித்து வைத்த காட்சிகளைப் பெங்களூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மத்தியச் சட்டம் 12 மாதம் கொடுத்திருக்கும்போது மாநிலம் அதை 30 நாளாகச் சுருக்க முடியாது என்று வழக்காடப்பட்டு, 2016-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. சொந்த வண்டியோடு வேலைமாற்றலாகி வந்தவருக்கு அதனால் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. சுங்கச்சாவடி ரசீது, பாஸ்டேக் கணக்கு போன்றவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தால், வண்டி எப்போது எல்லை தாண்டியது என்று காட்ட உதவும்.

ஓசூரில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் வந்து போகிறவர் கதை வேறு. வண்டி வழக்கமாக நிற்கும் இடம் எது என்பதே சட்டத்தின் கேள்வி. ராத்திரி ஓசூரில் நிற்கும் வண்டிக்கு டி.என்.70 என்ற எண்ணே போதும். வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கையிலிருந்தால் அத்திப்பள்ளியில் வாக்குவாதம் குறையும்.

மாமா பெயரிலேயே இருக்கட்டுமே!

மிகப் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 12 மாத அவகாசம், வண்டியோடு இடம் மாறி வந்தவருக்கு. தமிழ்நாட்டு வண்டியை விலைக்கு வாங்கிய பெங்களூர்க்காரருக்கு அந்த அவகாசம் கிடையாது. வாங்கிய 30 நாட்களுக்குள், தான் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவர் தெரிவிக்க வேண்டும். விற்றவரும் தம் பங்குக்குத் தடையில்லாச் சான்று பெற்று, 45 நாட்களுக்குள் தம் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர் மாறும் அன்றே கர்நாடக வரியும் கட்டியாக வேண்டும்.

இதற்குப் பயந்துதான், “ஆர்.சி. மாமா பெயரிலேயே இருக்கட்டும். யார் கேட்கப் போகிறார்கள்?” என்ற யோசனை பிறக்கிறது. கேட்கப் போகிறவர் போலீஸ்காரர் அல்ல, நீதிபதி. வண்டி கைமாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும், பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெங்களூரில் மருமகன் ஓட்டிய வண்டி ஒருவர் மீது மோதினால், இன்சூரன்ஸ் காலாவதியாகியிருக்கும் பட்சத்தில், நோட்டீஸ் வேலூருக்குப் போகும். பல லட்ச ரூபாய் தீர்ப்பாகி, வீட்டின் மீது ஜப்தி வந்தபின் உறவு எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் நடப்பிலிருந்தாலும் பாதி ஆபத்துதான் விலகும். வண்டி கைமாறும்போது, மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே புதியவருக்கு மாறிவிடும் என்கிறது சட்டம். சொந்த வண்டியின் சேதத்துக்கு அப்படி இல்லை. பாலிசியில் பெயர் மாற்றாத வரை புதியவருக்குக் கம்பெனி பணம் தரத் தேவையில்லை என்பது 1995 முதல் சுப்ரீம் கோர்ட் நிலை. பெயர் மாற்ற விண்ணப்பிக்க 14 நாட்கள் அவகாசம். பிரீமியம் தவறாமல் கட்டியும், வண்டி நொறுங்கியபின் கையில் ஒன்றும் வராமல் நிற்பவர்கள் இந்த 14 நாளைத் தவறவிட்டவர்களே.

மலிவுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் வெள்ளத்தில் நின்றன. உறவினர் வண்டி என்றால் விவரம் தெரியும். தரகர் காட்டும் வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது நல்லது. பாலிஷ் போட்டு மினுக்கியவர்கள்கூட பெல்ட்டின் அடிமுனையில் படிந்த சேற்றுக் கோட்டைக் கவனிப்பதில்லை. காலடி விரிப்பைத் தூக்கினால் வரும் புழுக்க நாற்றமும், சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் ஏறிய துருவும் மற்ற கதையைச் சொல்லும்.

பாரத் எண் யாருக்கு?

இடம் மாறும் ஊழியர்களுக்காக மத்திய அரசு 2021 செப்டம்பர் 15 முதல் ‘பி.எச்.’ என்னும் பாரத் வரிசை எண்ணைக் கொண்டு வந்தது. மாநிலம் மாறினாலும் எண் மாறாது. வரியும் 15 ஆண்டுக்கு மொத்தமாக அல்ல, இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். விகிதமும் மலிவு: 10 லட்சத்துக்குக் குறைந்த பெட்ரோல் காருக்கு 8 சதவீதக் கணக்கு. தவணை தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

நல்ல திட்டம்தான். ஆனால் யார் பெறலாம்? ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறையினர். தனியாரில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளின் ஊழியர்கள். ரயில்வேயிலும் எச்.ஏ.எல்., பி.இ.எல். தொழிற்சாலைகளிலும் இருக்கும் தமிழர்கள் தாராளமாகப் பயன்படுத்திக் கொள்ளலாம். புதுக் கார் வாங்குகிறவர்கள் அவசியம் யோசிக்க வேண்டும். சிக்பேட்டை ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளைக்கும், பீனியாவில் லேத் ஓட்டுகிறவருக்கும், சொந்தத் தையற்கடைக்காரருக்கும் இதில் இடமில்லை. வேலைக்காக ஊர் மாறுவதில் அதிகமாக அலைகிறவர்கள் இவர்கள்தான். நாலு மாநிலத்தில் கிளை வைத்த முதலாளி வாய்க்கவில்லை என்பது ஒரு குற்றமா?

பணம் படைத்தவர்கள் வேறு வழி தேடிக் கொண்டதும் ஊரறிந்தது. வரி குறைவு என்பதற்காகக் கேரளத்துச் சொகுசுக் கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவான விவகாரம் 2017-இல் வெடித்து, சினிமாப் பிரமுகர்கள் வரை விசாரணை போயிற்று. அப்படி முகவரி தேடும் வசதி பழைய மாருதிக்காரருக்கு இல்லை. அவர் வரிசையில் நின்று கட்டுகிறார்.

தபால்காரராகும் குடிமகன்

முழு முறையையும் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதலில் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்குக் கடன் கொடுத்த பாங்கின் சம்மதமும், சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சும் வேண்டும். 30 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்று கொடுத்ததாகவே கருதப்படும் என்று 48-வது பிரிவு சொல்கிறது. சட்டம் கருதிக்கொள்ளும், புதிய ஊரின் கவுண்டர் கருதாது, அங்கே காகிதமே வேண்டும். பிறகு இங்கே வரி கட்டி, புதிய எண் பெற்று, நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், பாஸ்டேக் எல்லாவற்றையும் மாற்றி, அந்த ரசீதுகளோடு பழைய மாநிலத்துக்குத் திரும்பிப் போய், மிச்ச ஆயுளுக்கான வரியைத் திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு மாநிலம் வாங்குவது உடனே, இன்னொன்று தருவது ஆறப்போட்டு. லீவு போட முடியாதவரும் தரகருக்குக் கொடுக்க மனமில்லாதவரும் திரும்ப வரும் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அது பழைய மாநிலத்துக்கு உழைக்காமல் கிடைத்த லாபம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி.யில், சென்னையில் புறப்பட்டுப் பெங்களூரில் விற்கும் சரக்கின் வரியில் கர்நாடகத்தின் பங்கு அரசாங்கங்களுக்கு இடையிலேயே கணக்குத் தீர்க்கப்படுகிறது. சோப்பு வாங்குகிறவரைச் சென்னைக்குப் போய் வரியைத் திருப்பி வாங்கிவரச் சொல்வதில்லை. வண்டிகளின் பதிவு விவரமும் ‘வாகன்’ என்ற கம்ப்யூட்டர் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. மிச்ச வரியைப் பழைய மாநிலம் நேரே புதிய மாநிலத்துக்கு அனுப்பி, வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் வண்டிக்காரரிடம் வாங்கினால் என்ன? 35-வது இனத்தின்படி நெறி வகுக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமும் இருக்கிறது. மாநிலங்களின் வருமானத்தில் கை வைப்பதாகாதா என்ற அச்சம் நியாயமானதே. விகிதத்தைத் தொடாமல் கணக்குத் தீர்க்கும் முறையை மட்டும் மாற்றினால் எந்த மாநிலமும் தனக்கு உரியதை இழக்காது. உரியதல்லாத மிச்சத்தைத்தான் இழக்கும்.

அதுவரை வண்டியின் வயதைப் பார்த்து முடிவு செய்வதே உத்தமம். 15 ஆண்டை நெருங்கிவிட்ட காருக்கு மாநிலம் மாற்றும் செலவு, வண்டியின் விலையையே எட்டிப்பிடிக்கும். 15 ஆண்டு தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. அப்படிப்பட்ட வண்டியை ஊரிலேயே விற்றுவிட்டு, கே.ஏ. எண் உள்ள பழைய வண்டியாக இங்கேயே தேடுவது கணக்குக்கு ஒத்து வரும். ஐந்தாறு வயது வண்டி என்றால் மாற்றிக்கொள்வது லாபம். ஆனால் திரும்ப வரவேண்டிய தமிழ்நாட்டு வரிக்கான விண்ணப்பத்தை, புதிய ஆர்.சி. கைக்கு வந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். வண்டியை விலைக்கு வாங்கியவராக இருந்தால், அந்தப் பணம் விற்றவருக்கா வாங்கியவருக்கா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.