பழுதாகும் விதத்தையும் படிப்போம்

மாணவ நண்பர்களே, தெர்மோஸ்டாட் எவ்வாறு வேலை செய்கிறது என்று தேர்வில் கேட்டால் தயங்காமல் எழுதிவிடுவீர்கள். பித்தளையும் இரும்பும் ஒட்டிய ஈருலோகப் பட்டை, சூடேறும்போது பித்தளை அதிகம் நீள்கிறது, பட்டை வளைகிறது, தொடுமுனைகள் பிரிகின்றன, மின்னோட்டம் நிற்கிறது. ஆறியதும் பட்டை நிமிர்ந்து மின்சுற்றை மீண்டும் மூடுகிறது. படமும் வரைந்தால் முழு மதிப்பெண்.

ஆனால், ‘அது எப்படிக் கெடும்? கெட்டால் என்ன நேரும்?’ என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைப் படிக்காதவரை முதல் விடை பாதி விடையே என்பது என் கருத்து. வீட்டு மீன் தொட்டி ஒன்றைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி மீன் தொட்டிக்கு ஹீட்டர் தேவையில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் நிலைமை வேறு. அமேசான் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஏஞ்சல் மீனுக்கு நீர் சுமார் 26° செ. இருக்க வேண்டும். மீன் குளிர் இரத்தப் பிராணி; நீரின் வெப்பநிலையே ஏறத்தாழ அதன் உடலின் வெப்பநிலையும் ஆகும். நீர் சூடேறச் சூடேற அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். ஆனால் நீரில் கரையும் ஆக்சிஜனோ குறைந்துகொண்டே போகும். கடல் மட்டத்தில், 25° செ. நீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 35° செ. நீர் சுமார் 7.0 மில்லிகிராமே தாங்கும். மலையில் காற்றழுத்தம் குறைவாதலால் இந்த அளவுகள் இன்னும் குறையும்.

தெர்மோஸ்டாட் இரண்டு விதமாகக் கெடலாம். தொடுமுனைகள் பிரியும் ஒவ்வொரு முறையும் அவற்றிடையே சிறு மின்பொறி எழுகிறது. ஹீட்டர் 10 நிமிடம் எரிந்து 10 நிமிடம் அணைந்தால் நாளொன்றுக்கு 72 முறை, ஆண்டுக்கு 26,280 முறை இப்படி நிகழும். பொறியின் சூட்டில் முனைகள் உருகி ஒருநாள் ஒட்டிக்கொள்ளக்கூடும். பிறகு ஹீட்டர் அணையவே அணையாது. இது முதல் விதம். முனைகளில் கரி படிந்தோ, உள்ளே கம்பி அறுந்தோ ஹீட்டர் எரியாமலே போவது இரண்டாம் விதம்.

இவற்றுள் எது அதிக ஆபத்து? கணக்கிட்டே பார்ப்போம். தொட்டியில் 100 லிட்டர் நீர். அறை 16° செ.; நீர் 26° செ. இந்த 10° வேறுபாட்டில் தொட்டி 100 வாட் வெப்பத்தை இழக்கிறது எனக் கொள்வோம். அதாவது ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 10 வாட். ‘பெரிதாகவே இருக்கட்டும்’ என்று 300 வாட் ஹீட்டரைப் போட்டிருக்கிறோம். இரவு 10 மணிக்கு அது ஒட்டிக்கொண்டால், நீர் அறையைவிட 30° மேலே, அதாவது 46° செ. வரை ஏற முயலும். நியூட்டனின் குளிர்வு விதிப்படி கணக்கிட்டால், விடியற்காலை இரண்டரை மணிக்குள் நீர் 32° செ. தாண்டிவிடும், காலை 6 மணிக்கு ஏறத்தாழ 36° செ. ஆகிவிடும். வீட்டார் எழும்போது மீன்கள் இறந்திருக்கும். மாறாக, அதே இரவில் ஹீட்டர் எரியாமல் போயிருந்தால் காலை 6 மணிக்கு நீர் சுமார் 21° செ. இருக்கும். மீன்கள் சோர்ந்திருக்கும், ஆனால் காப்பாற்றிவிடலாம்.

ஆகவே, கெட்டுத்தான் போகவேண்டும் என்றால் குளிர்ச்சியின் பக்கம் கெடட்டும்! பழைய ரயில்வே கைகாட்டியை அமைத்தவர்களும் இப்படித்தான் எண்ணினார்கள். அதை இயக்கும் கம்பி அறுந்தால், எடைக்கல் கையைப் படுக்கை நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதன் பொருள் ‘நில்’. ரயில் தாமதமாகலாம், மோதாது.

சரி, பாதுகாப்புக்கு இன்னொரு தெர்மோஸ்டாட் வைப்போம் என்பீர்கள். எப்படி இணைப்பது? இங்கேதான் நீங்கள் படித்த தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் உதவுகின்றன. இரண்டு தெர்மோஸ்டாட்டுகளைத் தொடராக இணைத்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது மின்னோட்டத்தை நிறுத்தும். ஆனால் இரண்டில் எது அறுந்தாலும் ஹீட்டர் எரியாது. பக்க இணைப்பில் இதற்கு நேர்மாறு: ஒன்று அறுந்தாலும் ஹீட்டர் எரியும், ஆனால் எது ஒட்டிக்கொண்டாலும் ஹீட்டர் நிற்காது. இரண்டாவது கருவி எந்தப் பழுதுக்கு எதிராக என்று முடிவு செய்யாமல் வாங்கினால், பணம் செலவழித்து ஆபத்தை இரட்டிப்பாக்கியவர்கள் ஆவோம்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இதுதான். 300 வாட் ஹீட்டருக்குப் பதிலாக, தனித்தனித் தெர்மோஸ்டாட்டுடன் கூடிய 75 வாட் ஹீட்டர்கள் இரண்டு. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அதனால் மட்டும் நீர் அறையைவிட 7.5° மேலே, அதாவது 23.5° செ. வரைதான் ஏறும், மீதியை மற்றது அளவோடு நிரப்பும். ஒன்று எரியாமல் போனால் நீர் 23.5° செ.க்கு இறங்கும், மீன் பிழைக்கும். அளவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதே ஒரு காவல் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் வெயில் நாளில் அறை 24° செ. ஆனால், ஒட்டிக்கொண்ட அதே ஹீட்டர் நீரை 31.5° செ. வரை கொண்டுபோகும். எனவே இரண்டு ஹீட்டர்களுக்கும் முன்னால், தொடராக, தனி உணர்வியுள்ள ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை 28° செ.க்கு அமைத்து வைக்க வேண்டும். வழக்கமான நாட்களில் அதற்கு வேலையே இராது. அதனால் அதன் தொடுமுனைகள் தேயா.

வேலையில்லாத காவலாளி உறங்கிவிடக்கூடும். ஆகவே மாதம் ஒருமுறை, ஹீட்டர்கள் எரிந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கருவியை 24° செ.க்குத் திருப்பிப் பாருங்கள். ஹீட்டர்கள் அணைய வேண்டும். அணையாவிட்டால் காவல் என்றோ போய்விட்டது என்று பொருள். அதன் உணர்வி நீரில் மூழ்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீருக்கு வெளியே நழுவிய உணர்வி அறையின் குளிரை அளந்து, ‘இன்னும் சூடு வேண்டும்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஹீட்டரின் சிவப்பு விளக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். மின்னோட்டம் பாய்வதை மட்டுமே அது சொல்லும். நீரின் நிலையைச் சொல்லாது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறை விளக்கு, வால்வை மூடும் ஆணை போனதையே காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. இயக்குநர்கள் வால்வு மூடிவிட்டதாகவே எண்ணினர். உலையின் உட்பகுதி பெருமளவு உருகியது. ஆணையை அல்ல, விளைவை அளக்க வேண்டும். தொட்டிக்கு அந்த வேலையைச் செய்வது ஒரு சாதாரண வெப்பமானி.

‘ஒரு மீனுக்காக இவ்வளவா? தரமான ஹீட்டர் ஒன்றை வாங்கினால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். தரம் பழுதைத் தள்ளிப்போடும், நீக்கிவிடாது. ‘கருவிகள் கூடினால் பழுதுகளும் கூடுமே’ என்பது இதைவிட நல்ல கேள்வி. உண்மைதான், பழுதுகள் கூடும். ஆனால் ஒரே பழுது உயிரைக் கொல்லும் அமைப்பைவிட, பல சிறு பழுதுகளைத் தாங்கும் அமைப்பே மேல். உங்கள் வீட்டு பிரஷர் குக்கரைப் பாருங்கள். வெயிட் அடைத்துக்கொண்டால் காப்பு வால்வு உருகி நீராவிக்கு வழிவிடுகிறது. அதை வீண் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்முறைக் குறிப்பேட்டில் ‘தத்துவம், செய்முறை, முடிவு’ என்பவற்றோடு ‘பழுதாகும் விதம்’ என்றும் ஒரு தலைப்பு இருக்கட்டும். இதற்குச் செலவில்லை. ஒரு டார்ச் மின்கலம், ஒரு சிறு பல்பு, இரண்டு சுவிட்சுகள் போதும். முதலில் தொடராகவும் பிறகு பக்கமாகவும் இணையுங்கள். ஒரு சுவிட்சின் குறுக்கே கம்பித் துண்டை வைத்தால் அது ‘ஒட்டிக்கொண்ட’ சுவிட்சு. கம்பியைக் கழற்றினால் ‘அறுந்த’ சுவிட்சு. நான்கு நிலைகளிலும் பல்பு என்ன செய்கிறது என்று அட்டவணை எழுதுங்கள்.

230 வோல்ட் மின்சாரத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் உரிமம் பெற்ற மின்பணியாளரே இணைப்புத் தரட்டும். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் காப்புச் சாதனமும் அவசியம். தொட்டியில் கைவிடும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அட்டவணையை முடித்த பின், உங்கள் வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியையும் வாட்டர் ஹீட்டரையும் எடுத்துக்கொண்டு, அவை எந்தப் பக்கம் கெடும் என்று எழுதிப் பாருங்கள்.