மரதன் ஓட்டமும் முதல் மைலும்

எமது கல்லூரியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக ஆண்டுதோறும் நடைபெறும் வீதி ஓட்டத்தை 'மரதன்' என்றே நாம் அழைத்து வருகின்றோம். உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். எமது ஓட்டம் அதில் எட்டிலொரு பங்குதானும் தேறாது. பெயர் பெரிதாயிருப்பது பற்றி எமக்கு வழக்கொன்றுமில்லை. ஓடும் முறை பற்றியே எமது வழக்கு. கல்லூரிக்கு விழா எடுக்கும் இவ்வாண்டிலே குறை கூறப் புகுந்தனர் என்று எம்மை எவரும் நோவாராக.

ஓட்டம் தொடங்கும் காட்சியை ஒருகால் நினைத்துப் பாருங்கள். பெருவாயிலின் முன் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனர். ஊதுகுழல் ஒலித்ததும் நூறு யார் ஓட்டத்திற் பாய்வார் போன்று பாய்கின்றனர். மதிலின்மீது நிற்கும் சிறுவர் தத்தம் இல்லத்தின் பெயரைக் கூவுகின்றனர். பழைய மாணவர் சிலர் மோட்டார்ச் சைக்கிளிற் பக்கத்தே சென்று, 'விடாதே, விடாதே' என்று முடுக்குகின்றனர். ஒரு மைல் கழிவதன்முன் இவ்வாரவாரம் அடங்கிவிடும். முன்னே பாய்ந்தவருட் பாதிப்பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நடப்பர். சிலர் கிணற்றடியைக் கண்டதும் உட்கார்ந்துவிடுவர். யாமும் ஒருகால் அவ்வாறு பாய்ந்து, முதற் சந்திவரை முதல்வராய்ச் சென்று, பின்னர் ஒரு புண்ணியவதியின் வீட்டுத் திண்ணையில் மோர் குடித்திருந்தவரே. அன்று எம்மை முந்திச் சென்றவன் வகுப்பிலே மெலிந்தவன் என்று நாம் நகைத்து வந்த ஒருவன்.

மாணவருக்கு உறுதி போதாது என்பார் உளர். நாம் அதனை ஏற்கமாட்டோம். குற்றம் கற்பியாத எம்மவருடையது. நீளம் பாய்வோனுக்கு அடியளக்கக் கற்பிக்கின்றோம். குண்டெறிவோனுக்குக் காலை வைக்குமிடம் காட்டுகின்றோம். நெடுந்தூரம் ஓடுவோனுக்கு மட்டும் 'ஓடு' என்பதன்றி வேறு பாடம் யாதும் சொல்வதில்லை.

சொல்ல வேண்டியதோ சிறிதளவே. ஓட்டத்தின் முதலிரு நிமிடங்களில் உடல் நம்மை ஏமாற்றும். தசைகளில் உடனடியாகப் பயன்படும் ஆற்றல் சிறிது சேமிக்கப்பட்டிருக்கின்றது. அது தீருமட்டும் எவ்வேகமும் இலேசாகவே தோன்றும். மூச்சும் இதயத் துடிப்பும் தேவையை எட்டிப்பிடிக்கச் சற்று நேரம் செல்லும். அதற்கிடையில் அளவுக்கு மிஞ்சி ஓடியவன் பிராணவாயுவிற்குக் கடன்பட்டவனாகின்றான். கால் கனக்கின்றது, மூச்சு முட்டுகின்றது. பின்னர் வேகத்தைக் குறைத்தாலும் அக்கடன் எளிதில் தீர்வதில்லை. ஆகவே, தொடக்கத்தில் 'இது மிக மெதுவன்றோ' என்று தோன்றும் வேகமே புதியவனுக்குப் பெரும்பாலும் உரிய வேகமாகும். அதனை அறிய விலையுயர்ந்த கடிகாரம் வேண்டுவதில்லை. முதற் கிலோமீற்றரில் பக்கத்தில் ஓடும் தோழனுடன் ஒரு வாக்கியத்தை இடைமுறியாது பேசமுடிகின்றதா என்று பார்த்தாற் போதும்.

கணக்கிலே நம்பிக்கையுடைய மாணவருக்காக ஓர் உதாரணம் காட்டுவோம். ஐந்து கிலோமீற்றரை அரைமணி நேரத்தில் ஓடக்கூடிய வலிமையுடையவர் இருவர் என்று கொள்வோம். ஒருவன் முதற் கிலோமீற்றரை 4 நிமிடம் 30 செக்கனில் ஓடுகின்றான். அடுத்தவை 5.30, 6.45, 7.30 என நீள்கின்றன. மற்றவன் 6.15, 6.05, 6.00, 5.55 என்று செல்கின்றான். கூட்டிப் பாருங்கள். நான்காங் கிலோமீற்றர் முடிவில் இருவருக்கும் 24 நிமிடம் 15 செக்கன். இருவரும் ஒரே இடத்தில் நிற்கின்றனர். ஆனால் முன்னவன் கடைசிக் கிலோமீற்றருக்கு 8 நிமிடம் எடுத்து 32.15 இல் வருகின்றான். பின்னவன் 5.40 இல் ஓடி 29.55 இல் வந்துவிடுகின்றான். முதற் சந்தியிலே கரகோஷம் பெற்றவன் யாவன் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இது புதியவர்க்கு மட்டும் உரிய விதியன்று. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் மரதனில் இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் கடுவேகத்தில் முன்னே சென்றார். அதற்கு முன்னர் மரதன் ஓடியே அறியாத செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சாற்றோபெக் அவரை அணுகி, இவ்வேகம் சரிதானா என்று வினவினார். மெதுவானது என்று பீற்றர்ஸ் விடையிறுத்தாராம். வெற்றி பெற்றவர் சாற்றோபெக். பீற்றர்சோ ஓட்டத்தை முடிக்காமலே விலகினார். ஈராண்டுகளின் பின், 1954 இல், வான்கூவரில் வெயில் கடுமையாயிருந்த ஒரு நாளில், அதே பீற்றர்ஸ் ஏனையோரைப் பல நிமிடங்கள் பின்தள்ளித் தனியே மைதானத்தினுள் நுழைந்தார். நுழைந்தவர் தள்ளாடி விழுந்தார், எழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார். எல்லைக்கோட்டை அடையாமலே அவரைத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. அவர் அக்காலத்தில் உலகத்திலேயே மிக விரைந்த மரதன் வீரர் என்பதை மறந்துவிடலாகாது.

எம் காலத்திலும் சான்றுண்டு. எலியுட் கிப்சோகே 2022 இல் பேர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தபோது முதற்பாதிக்கு 59.51, பிற்பாதிக்கு 61.18 எடுத்தார். மறு ஆண்டு சிக்காகோவில் அச்சாதனையை முறியடித்த கெல்வின் கிப்ரும் முதற்பாதியை 60.48 இலும் பிற்பாதியை 59.47 இலும் ஓடினார். கிப்சோகேயிலும் ஏறக்குறைய ஒரு நிமிடம் பிந்தியே அவர் பாதி தூரத்தைக் கடந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

நேரமும் பரிசும் ஒருபுறமிருக்க, இதில் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கின்றது. எமது போட்டிகள் முதலாந் தவணையிலே, மாசி பங்குனி வெயிலிலே நடைபெறுகின்றன. வேகம் கூடக்கூட உடலினுள் வெப்பம் பெருகும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. பாடசாலை மரதன் ஓட்டத்திலே மாணவர் உயிரிழந்த துயரமும் எம் நாட்டில் நேர்ந்துள்ளது. ஆதலின் ஓட்டம் சூரியன் ஏறுமுன் முடிவடைதல் வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்தவனை, அவன் எத்துணை மன்றாடினும், இல்லத்தின் புள்ளிக்காக ஓடவிடலாகாது. கால் தடுமாறுபவனையும் பேச்சுக் குழறுபவனையும் முடுக்குதல் பெருந்தவறு. அவனை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, உடனே வைத்தியரை அழைத்தல் வேண்டும். மோட்டார்ச் சைக்கிளில் வரும் அன்பர்கள் இப்பணியை ஏற்பாராயின் அவர்களுக்கு நாம் தடை சொல்லோம்.

இனி, விளையாட்டுக் குழுவினருக்கு ஒரு யோசனை. ஓட்டத்திற்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே, வாரத்தில் மூன்று நாள், மெதுவோட்டமும் நடையும் கலந்த பயிற்சி தொடங்கட்டும். இறுதி வாரங்களில் ஒரு பரீட்சை வைக்கட்டும். மைதானத்தைச் சுற்றி மூன்று கிலோமீற்றர்; எத்தனை நிமிடத்தில் முடிப்பேன் என்று ஒவ்வொருவனும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்; கடிகாரம் கட்டலாகாது. எழுதிய நேரத்திற்கு மிக அண்மையில் வந்தவனுக்கே பரிசு. வேகத்தில் ஐம்பதாவதாக வரும் மாணவனும் இப்பரிசைப் பெறக்கூடும். தன் உடலை அறிந்தவனாயின் போதும். பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் கேடயங்களுள் ஒன்றை இதற்கு மாற்றிக் கொடுத்தாற் குறைந்துபோவது ஒன்றுமில்லை என்பது எமது கருத்து.

'நாங்கள் வெறுங்காலோடு, ஒரு பயிற்சியுமின்றி ஓடினோம், என்ன கெட்டுவிட்டது?' என்று எம்மோடொத்த வயதினர் கேட்பர். கேட்பவர்கள் ஓடி முடித்தவர்கள். கிணற்றடியில் உட்கார்ந்து, பின்னர் எந்த விளையாட்டிலும் சேராது ஒதுங்கிக்கொண்டவர்கள் இவ்வினாவைக் கேட்பதில்லை. அவர்களும் இக்கல்லூரியின் பழைய மாணவரே.

இன்னொரு குறையும் உண்டு. முதற் பத்துப் பேர் வந்து சேர்ந்ததும் நடுவர்களின் மேசை அகற்றப்படுகின்றது. 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில் எம் நாட்டு வீரர் ரணதுங்க கருணானந்த ஏனையோர் அனைவரும் முடித்த பின்னரும் தன்னந்தனியே சுற்றிச் சுற்றி ஓடினார். முதலில் நகைத்த கூட்டம் அவர் முடிக்கும்போது ஆரவாரித்து வாழ்த்தியது. யப்பானியப் பாடநூலிலும் அவர் கதை இடம்பெற்றது. அன்று தோக்கியோவில் நடுவர்கள் அவருக்காகக் காத்திருந்தனர். எமது வீதி ஓட்டத்திலும், கடைசி மாணவன் வாயிலுள் நுழைந்து அவனது நேரமும் குறிக்கப்படும்வரை மேசையும் கடிகாரமும் அவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும். ஆசிரியர்களுக்கு வேறு கடமைகள் உண்டென்பதை அறிவோம். பெயர் குறிக்கும் பொறுப்பை நாமே ஏற்கின்றோம்.