குதிரை முன்னூறு, கட்டுத்தறி தகரம்

கார் பைத்தியம் பிடித்த நம்ம ஊர்ப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதல் கேள்வி, "எத்தனை பிஹெச்பி?" அடுத்தது எக்ஸாஸ்ட் சத்தம். அதற்கும் அடுத்தது அலாய் வீல் பதினெட்டா பத்தொன்பதா என்பது. அந்த முன்னூறு குதிரையையும் எதில் கட்டி வைத்திருக்கிறாய் என்று மட்டும் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "பொறாமை பிடிச்ச அங்கிள்" என்று பட்டம் கிடைத்தது. போகட்டும். பிழைப்புக்காக நான் புனேயில் செய்யும் வேலையே இரும்பை ஆட்டி ஆட்டி உடைப்பதுதான். வண்டி பாகங்களை ஹைட்ராலிக் யந்திரத்தில் மாட்டி, லட்சக்கணக்கான தடவை இழுத்துத் தள்ளி, எப்போது விரிசல் விடுகிறது என்று குறித்து வைக்கிற வேலை. (தங்கமணி பாஷையில், "நல்லா இருக்கறத உடைக்கறதுக்குச் சம்பளம்".) அந்த உரிமையில் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன். பவரைக் கூட்டிவிட்டு, பின் சப்ஃப்ரேம் மாட்டியிருக்கும் இடத்தைப் பலப்படுத்தாமல் ஓட்டுவது கிறுக்குத்தனம். அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றுவதற்கும் நல்ல தமிழில் ஒரு வார்த்தை இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

சப்ஃப்ரேம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பின் சக்கரம் இழுக்கும் காரில் டிஃபரன்ஷியலையும் சஸ்பென்ஷன் கைகளையும் தாங்குகிற ஒரு இரும்புச் சட்டம். இது காரின் பாடியில் நான்கு இடத்தில் ரப்பர் புஷ் வழியாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். சட்டம் கனமானது, அதற்குச் சீக்கிரம் ஒன்றும் ஆகாது. அது போய் மாட்டுகிற பாடி இருக்கிறதே, அது தகடு. மெல்லிய தகடுகளை மடித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஸ்பாட் வெல்டிங்கில் பொட்டு வைத்தாற்போல ஒட்டிய பெட்டி.

இந்தப் பெட்டி கிழிவதற்குப் பேர் போனது பிஎம்டபிள்யூவின் ஈ46. 1998ல் வந்த 3 சீரிஸ். அதன் எம்3 அண்ணன் 2006 வரை தயாரானது. 343 குதிரைசக்தி, எட்டாயிரம் ஆர்பிஎம், இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கே வாயில் ஜொள்ளு. அப்பேர்ப்பட்ட காரிலும் பின் சப்ஃப்ரேம் மாட்டும் தளத்தில் விரிசல் விழும். அமெரிக்காவில் ஈ46 உரிமையாளர்கள் இதற்காகக் கூட்டு வழக்கே போட்டார்கள். உள்ளே கெட்டி நுரையைச் செலுத்தி நிரப்புவது என்று கம்பெனி தரப்பிலேயே ஒரு பழுது முறையும் வந்தது. ஆக, "ஜெர்மன் இன்ஜினியரிங் பாஸ், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆகும் என்று ஜெர்மன்காரனுக்கே தெரியும்.

ஏன் கிழிகிறது? ஒரு சின்னக் கணக்கு. 330ஐ என்கிற மாடலில் இன்ஜின் தரும் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைச் சுமார் 12 மடங்காக்கும். சக்கரத்தில் போய்ச் சேருவது 3,600 சொச்சம். நியூட்டன் தாத்தா மூன்றாம் விதியில் சொன்னபடி, சக்கரம் முன்னால் சுழல எவ்வளவு முறுக்கு வேண்டுமோ, அதே முறுக்கோடு டிஃபரன்ஷியல் பின்னால் புரளப் பார்க்கும், மூக்கைத் தூக்கும். புரளவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நான்கு போல்ட். போல்ட்டைப் பிடித்திருப்பது அந்தத் தகடு. காலை எடுத்தால் விசை எதிர்ப்பக்கம் திரும்பும். மறுபடி மிதித்தால் மறுபடி. சிக்னலுக்குச் சிக்னல், கியருக்குக் கியர் இதே கதை. கிளட்சைப் பட்டென்று விட்டால் கணக்கில் வருவதைவிட அதிகம் இறங்கும். இதற்கு மேல் நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கரும் பள்ளமும் கீழிருந்து குத்துவது தனி.

ஒரே தடவையில் கிழியாது. கம்பியை இரண்டு பக்கமும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதுதான் இது. 1954ல் இரண்டு காமெட் விமானங்கள் வானத்திலேயே பிய்ந்து விழுந்ததும் இந்தக் களைப்பு நோயால்தான். வெல்டு வைத்த இணைப்புகளுக்கு எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சுமை எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஆயுள் குறையும். 25 சதவீதம் கூட்டினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி. 30 சதவீதம் என்றால் பாதிக்கும் கீழே. இது ஒழுங்காக வைத்த நீள வெல்டுக்கு. ஸ்பாட் வெல்டிங் பொட்டுகளுக்கு இதைவிட மோசமாகத்தான் இருக்கும். சூப்பர்சார்ஜர் மாட்டுகிறவன் 30 சதவீதம் என்றால் காறித் துப்புவான், ஐம்பது கேட்பான் :-)

இதில் கொடுமை என்னவென்றால், கூடவே செய்கிற மற்ற "அப்கிரேடு"களும் அந்தத் தகட்டுக்கு எமன்கள். அகல டயர் போட்டால் பிடிப்பு கூடும். முன்னால் சக்கரம் வழுக்கிச் சுற்றி விசையைக் கொஞ்சம் தின்றது, இப்போது முழுசாகத் தகட்டுக்குப் போகும். ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பாலியூரிதேன், அதையும் தாண்டி அலுமினியம் என்று போடுகிறார்கள். "பின்பக்கம் கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்று பெருமை. ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சியை இனி யார் வாங்குவது? பலப்படுத்திய தளத்தில் கெட்டி புஷ் போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. பலப்படுத்தாத தளத்தில் போடுவது, ஓலைக் குடிசையில் ஊஞ்சல் கொக்கி அடிக்கிற மாதிரி.

இதையெல்லாம் இவ்வளவு உரக்கச் சொல்வதற்குக் காரணம் என் மச்சினன். ஹிஞ்ஜேவாடியில் பொட்டி தட்டுகிறான். மும்பையில் ஒருவரிடமிருந்து 2004 மாடல் 330ஐ வாங்கி வந்தான். பழைய உரிமையாளரே சூப்பர்சார்ஜர், பத்தொன்பது இஞ்ச் வீல், வாயைப் பிளந்த எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தார். போன தீபாவளிக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு அந்த வண்டியிலேயே திருநெல்வேலி போவதாகத் திட்டம். கோல்ஹாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் என்று ரூட் எல்லாம் போட்டாகிவிட்டது. அத்தை போனில், "பின்சீட்டு மெத்துனு இருக்குமாடா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மெத்துக்கும் டிக்கிக்கும் அடியில்தான் நான் சொல்லும் தகடு இருக்கிறது.

"சப்ஃப்ரேம் பலப்படுத்தியிருக்கா?" என்றேன்.

"அதெல்லாம் பண்ணியாச்சு அத்தான், பில்லே இருக்கு" என்றான்.

பில் இருந்தது. ஒரு கராஜின் பெயரும், "சப்ஃப்ரேம் வெல்டிங்" என்று ஒரே ஒரு வரியும். ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தோம். காரின் அடிப்பக்கம் முழுக்க இருபது வருஷத்து அழுக்கு. இடது பக்கத்தில் ஒரே ஒரு மவுண்டைச் சுற்றி மட்டும் பளபளவென்று புது அண்டர்கோட்டிங், கல்யாண வீட்டு வாசலில் மெழுகிய மாதிரி. ஸ்கிரேப்பரால் சுரண்டினால் கறுப்புக்குக் கீழே பட்டி. ஆமாம், டிங்கரிங் கடையில் ஒடுக்கெடுத்துப் பூசுவார்களே, அதே பட்டி. பட்டிக்குக் கீழே விரலைவிட நீளமான விரிசல், அதன் மேல் நாலு புள்ளி ஆர்க் வெல்டு. மெல்லிய தகட்டில் ஆர்க் ராடு வைத்ததால் இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. விரிசல் வெல்டைச் சுற்றிக்கொண்டு மேலே போயிருந்தது. எங்கள் வெல்டர், ஒடிசாக்காரர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "சார், இது ரிப்பேர் இல்லை, பவுடர் பூசியிருக்கிறார்கள்."

மச்சினன் வாயே திறக்கவில்லை. அந்த கராஜ்காரரும் கார் பைத்தியம்தானாம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தெரியாதவன் செய்தால் அறியாமை. தெரிந்தவன் பட்டியைப் பூசி மறைத்தால் அதற்கு என்ன பெயர்? பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், இது குண்டு மாதிரி திடீரென்று வெடிக்கும் சமாச்சாரம் இல்லை. பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும். மிதிக்கும்போதும் விடும்போதும் பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம், டயர் ஒரு பக்கம் தேய்வது, அலைன்மென்ட் நிற்காமல் போவது. அப்புறம் ஒரு நாள் கம்பாட்கி காட்டில் லாரியை ஒதுக்கி வளைவில் திரும்பும்போது பின் சக்கரம் தானாக ஒரு திசையைத் தேர்ந்தெடுக்கும். "சத்தம் வந்தா பாத்துக்கலாம்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சத்தம் வரும்போது தகடு ஏற்கெனவே பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? பாட்டரியைக் கழற்ற வேண்டும் (இந்தக் காரில் அது டிக்கியில் வலது பக்கம்). எக்ஸாஸ்ட், புரொபெல்லர் ஷாஃப்ட், பிரேக் லைன், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் விடுவித்து, சப்ஃப்ரேமை டிஃபரன்ஷியலோடு மொத்தமாக இறக்க வேண்டும். பெட்ரோல் டாங்க் பின்சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக்கில் இருக்கிறது. அதைக் கழற்றாமல் வெல்டு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உள்ளே கார்பெட்டையும் எடுக்க வேண்டும். பிறகு நான்கு மவுண்டையும் சுற்றி அண்டர்கோட்டிங்கைப் பச்சை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். இரண்டு நாள் நரக வேலை. சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் ரத்தக்கோடு போலத் தெரியும். எங்களுக்கு ஒன்று என்று நினைத்த இடத்தில் மூன்று தெரிந்தது.

ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் சின்ன ஓட்டை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தி, அப்புறம் சிஓடூ வெல்டிங்கில் மூட வேண்டும். அதற்கு மேல் மவுண்டின் வடிவத்துக்கே வெட்டிய 2 முதல் 3 மில்லிமீட்டர் தகடு. மூலைகள் வட்டமாக இருக்க வேண்டும், கூர் மூலை இருந்தால் அடுத்த விரிசலுக்கு அங்கேயே பிள்ளையார் சுழி. ஒரே இழுப்பில் சுற்றி வெல்டு வைக்கக் கூடாது. இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்காவிட்டால் தகடு கோணி, போல்ட் ஓட்டைகள் சேராது. பவர் கூட்டிய வண்டி என்றால் இது மட்டும் போதாது. கீழே எத்தனை தகடு ஒட்டினாலும் விசை அந்த மெல்லிய பெட்டிக்குள்ளேயேதான் சுற்றும். டிக்கிக்குள் மேல்பக்கத்திலிருந்து ஒரு குறுக்குச் சட்டம் போட்டு, மவுண்டுகளைச் சக்கர வளைவின் கெட்டியான பாகங்களோடு இணைக்க வேண்டும். கடைசியில் சீலர், பெயின்ட், உள் குழிகளில் மெழுகு. மெழுகை மறந்தால் இரண்டு மழைக்காலத்தில் துரு செய்யும், விரிசல் செய்யாத வேலையை.

"இவ்வளவு செலவா?" என்று மச்சினன் கேட்டான். பத்தொன்பது இஞ்ச் வீல் நாலையும் விற்றோம். பாதிச் செலவு அதிலேயே வந்துவிட்டது. தீபாவளிக்கு எல்லோரும் ரயிலில் போனோம், தட்காலில்.

சட்டம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். "மாடிஃபிகேஷன்தான் கூடாதே, அப்போ இதுவும் தப்புதானே?" 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. விரிசலைச் சரிசெய்து தகடு வைப்பது என் கணக்கில் பழுதுபார்ப்பு. சூப்பர்சார்ஜரும் அகல வீலும் அப்படியில்லை, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நேரத்தில் அது கழுத்தைப் பிடிக்கலாம். சட்டத்துக்கு ஆகாததையெல்லாம் ஆசையாகச் செய்துவிட்டு, உயிரைக் காக்கிற ஒரு வேலைக்கு மட்டும் சட்டப் புத்தகத்தைத் தூக்குவதை என்னவென்று சொல்ல? நியாயமாகப் பவர் ஆட்டம் ஆட வேண்டும் என்றால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி டிராக் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. தளத்தைப் பலப்படுத்திக்கொண்டு அங்கே போய் ஆடுங்கள்.

பழைய ஈ46 வாங்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சும் ஸ்கிரேப்பரும் கொண்டு போங்கள். டிக்கி கார்பெட்டைத் தூக்கி மேலிருந்தும் பாருங்கள். நாலு மவுண்டில் ஒன்று மட்டும் புதுசாக மின்னினால் சந்தேகப்படுங்கள். வேலை செய்தபோது எடுத்த போட்டோ கேளுங்கள், பில் மட்டும் போதாது. ராம்ப்பில் ஏற்ற விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால், அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.