அம்மாவின் போனில் அரை மணி நேரம்



இந்தப் பொங்கல் இதழ் உங்கள் கைக்கு வரும் நேரம், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். கரும்பு, புதுத்துணியோடு இந்த முறை அப்பா அம்மாவின் செல்போனுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான வீடுகளில் போன் வாங்கித் தருவது பிள்ளைகள்தான். வாட்ஸ்அப்பை ஏற்றி, 1234 என்று ஒரு பூட்டு போட்டு, “பச்சையை அமுக்கினா பேசலாம்மா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறோம். எழுத்து பொடிசாகவே இருக்கும், மொழி ஆங்கிலத்திலேயே இருக்கும். படிக்க முடியாத திரையில் எது வந்து நின்றாலும் ‘ஓகே’யை அமுக்குவதைத் தவிர அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் முதல் வேலை, செட்டிங்ஸில் போய் எழுத்தைப் பெரிதாக்குவது. மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று அவர்களையே கேளுங்கள். சில போன்களின் தமிழ் மெனு ஆங்கிலத்தைவிட மிரட்டும்! ஜிபோர்டு கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். காது மந்தமானவர்களுக்கு ‘லைவ் ட்ரான்ஸ்கிரைப்’ என்ற ஆப் இருக்கிறது. எதிரே இருப்பவர் தமிழில் பேசப் பேச எழுத்தாகக் காட்டும்.

அடுத்தது பூட்டு. திரைக்குப் பூட்டு போடுகிற நாம் சிம்முக்குப் போடுவதில்லை. போனைத் திருடியவன் திரையோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. சிம்மை உருவி வேறொரு போனில் செருகினால் போதும், வங்கி அனுப்பும் ஓடிபி அவனுக்குப் போய்விடும். செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ என்று இருப்பதை இயக்கிவிட்டால், சிம்மை எந்தப் போனில் போட்டாலும், போனை அணைத்துப் போட்டாலும், பின் நம்பர் கேட்கும். ஆனால் இயக்கும்போதே அது சிம்மில் ஏற்கெனவே இருக்கும் பின் நம்பரைக் கேட்கும். குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு ‘பியூகே’ எண் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான். சிம் நிறுவனத்தின் சேவை மையத்தில் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கை வையுங்கள். பூட்டிய திரையில் மெசேஜ் வெளியே தெரியாதபடி மறைக்கவும் மறக்க வேண்டாம்.

அப்படியே *#06# என்று அழுத்தினால் 15 இலக்கத்தில் ஐஎம்இஐ எண் வரும். அதைப் பால் கணக்கு நோட்டில் குறித்துவையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, அந்த எண்ணை வைத்து மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் போனை முடக்கலாம். நம் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பு வந்தால் தொடக்கூடாது. அது பத்திரிகை இல்லை, போனுக்குள் புகுந்துகொள்ளும் ஆப். கல்யாணத்துக்குக் கூப்பிட ஆப் எதற்கு? கணக்கை வேறு யாரும் பிடித்துக்கொள்ளாதபடி, வாட்ஸ்அப்பிலேயே ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்ற இடத்தில் ஆறு இலக்க எண் ஒன்றைப் போட்டுவிடுங்கள். யுபிஐயில் நம் கணக்கிலிருந்து பணம் போவதற்குப் பின் நம்பர் கேட்கும். பணம் வர அது வேண்டியதில்லை. வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு ஒருவன் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால் போனை வைத்துவிடலாம். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது.

இத்தனையும் செய்த பிறகும் ஏமாறலாம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களே ஏமாறுகிறார்கள். பணம் போனது தெரிந்ததும், சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்; வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். திருடன் அந்தப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டே இருப்பான். அது ஏதாவது ஒரு கணக்கில் நிற்கும்போதே முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு சிக்கல். பெரியவர்கள் உடனே சொல்வதில்லை. “உங்களை யாருப்பா இதையெல்லாம் அமுக்கச் சொன்னது?” என்று மகன் கத்துவான், மருமகள் முன்னால் மானம் போகும் என்று பயந்து, ராத்திரி முழுக்க மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். விடிந்து பக்கத்து வீட்டுப் பையனிடம் மெதுவாகச் சொல்லும்போது பணம் எந்த ஊரில் இருக்கிறதோ!

போனவாரம் சின்னதாக ஏதோ தெரியாமல் அமுக்கியதற்கு நாம் போட்ட சத்தம்தான், பெரிய தப்பு நடக்கும்போது அவர்கள் வாயை அடைக்கிறது. அதனால் செட்டிங்ஸ் எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைச் சொல்லுங்கள்: “என்ன ஆனாலும் முதல்ல எனக்குப் போன் போடுங்க. நான் திட்ட மாட்டேன்.” சொன்னபடி நடந்துகொள்வது உங்கள் பாடு. 1930ஐ அவர்கள் போனில் ‘பணம் போச்சு’ என்ற பெயரில் பதிந்துவிடுங்கள். பதற்றத்தில் வேறு எந்தப் பெயரும் நினைவுக்கு வராது.

போனில் புரியாதது எதுவானாலும் எங்களுக்கு எழுதுங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டு அடுத்த இதழ்களில் பதில் சொல்கிறோம். ஓடிபியை மட்டும் எங்களுக்குக்கூட அனுப்பாதீர்கள். இனிய பொங்கல் வாழ்த்துகள்!

அன்புடன்,
ஆசிரியர்