எல்லையோரச் சொற்கள்: அவசரம் இல்லை



மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் குடிக்கும் தண்ணீர் என்பதும், 'பட்டி' என்றால் நாய் என்பதும் இங்குக் குடியேறிய ஒரு வாரத்திலேயே நாம் எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடங்கள். அவற்றைச் சொல்லிச் சிரிக்காத தமிழ்க் குடும்பம் பாறசாலைப் பக்கத்தில் இராது. இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட சொல் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக் கூடியதன்று. அதனால் ஒரு பெண்ணின் படிப்பில் ஓராண்டு போயிற்று. போகச் செய்தவர் வேறு யாருமல்லர்; இப்பகுதியை எழுதுகிற நாமே.

மூன்றாண்டுகளுக்கு முன் நடந்தது. நாம் குடியிருக்கும் தெருவில் வள்ளியூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் குடும்பத்தோடு வாழ்கிறார். நம்மினும் மூத்தவர், நாம் அவரை 'அண்ணாச்சி' என்போம், அவர் நம்மைத் 'தம்பி' என்பார். தனுவச்சபுரத்துக்கும் அமரவிளைக்கும் இடையே எழும்பிய எத்தனையோ வீடுகளில் அவருடைய கரண்டி பட்டிருக்கிறது. வேலைத்தலத்து மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலகத்து மலையாளம் மட்டும் வராது. மகள் மலையாள வழியில் பத்தாம் வகுப்புத் தேறி, தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மின்வேலைப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தாள். பெயரும் பட்டியலில் வந்துவிட்டது. சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய வாரத்தில் பெண்ணுக்கு அம்மை கண்டுவிட்டது.

அண்ணாச்சி நம்மிடம் வந்தார். "தம்பி, ஒங்களுக்குத்தான் மலையாளம் எழுதப் படிக்கத் தெரியுமே, கூட ஒரு எட்டு வாங்க" என்றார். நமக்கு அன்று இரவுப் பணி. பகல் ஓய்வாக இருந்தது. பெருமையோடு புறப்பட்டோம். பெருமையோடு என்பதை வேண்டுமென்றே எழுதுகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம். ரயில்வேயில் குமாஸ்தாவாகி இவ்வூருக்கு மாற்றலாகி வந்தபின், நிலையப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டோம். பிறர் நம்மைத் துணைக்கு அழைப்பதில் ஒரு சுகம் இருந்தது.

சாளரத்தில் இருந்தவர் தாள்களைப் புரட்டினார். பள்ளி மாற்றுச் சான்றிதழின் மூலப் படி இல்லை என்று திருப்பித் தந்தார். அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே, "நாளெ கழிஞ்ஞால் பின்னெ அவசரம் இல்ல" என்றார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை.

வெளியே வந்து அண்ணாச்சிக்கு விளக்கினோம். "நாளை வரைதான் கூட்டமாம், அண்ணாச்சி. நாளை கழிந்தால் அவசரம் இல்லை என்கிறார். நாளை மறுநாள் நிதானமாக வந்தால் போதும்." அவருக்கும் அது நல்ல செய்தியாகப் பட்டது. மறுநாள் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாள். போகாவிட்டால் ஒருநாள் கூலி போவதோடு, அழைத்த மேஸ்திரிக்கும் மனத்தாங்கல். வீட்டுக்குப் போய் மகளிடமும், "அவசரம் இல்லையாம், மறுநாள் போறேன்" என்று தமிழிலேயே சொன்னார். அவள் படுக்கையில் இருந்தபடியே சரி என்றாள்.

மூன்றாம் நாள் தனியே போனார். இடம் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. "மினிஞ்ஞாந்து பறஞ்ஞதல்லே?" என்றாராம் சாளரத்துக்காரர், முந்தாநாளே சொன்னேனே என்பது பொருள். அங்கிருந்து நேரே நம் நிலையத்துக்கு வந்தார் அண்ணாச்சி. சத்தம் போடவில்லை. பயணச்சீட்டு வரிசை கரையும் வரையில் ஓரமாக நின்றார். பிறகு அருகே வந்து, "தம்பி, அவசரம் இல்லன்னுதானே அவரு சொன்னாரு?" என்று கேட்டார். ஆம் என்றோம். பக்கத்து நாற்காலியிலிருந்த மலையாள நண்பர் அந்த வாக்கியம் முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மலையாளத்தில் 'அவசரம்' என்றால் விரைவு அன்று, வாய்ப்பு. நாளை கழிந்தால் பிறகு வாய்ப்பு இல்லை என்றே அந்த மனிதர் எச்சரித்திருக்கிறார். எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம் தமிழ்ச் செவியில் நேர்மாறாக விழுந்திருக்கிறது. அவர் கதவு சாத்தப்போகிறது என்றார். நாம் மெல்ல வரலாம் என்று கேட்டுக்கொண்டோம்.

அன்று முதல் இச்சொல் நம்மை விடவில்லை. விசாரித்துப் பார்த்ததில், மூலப் பொருளை விட்டு விலகி வந்தவர்கள் நாம்தாம் என்று தெரிந்தது. வடமொழியில் 'அவசர' என்பது தக்க தருணத்தைக் குறிக்கும். தமிழிலும் அப்பொருள் இருந்தது, இருக்கிறது. திருவரங்கம் பெரிய கோயிலில் பெருமாளுக்கு அமுது படைக்கும் வேளைகளுக்கு இன்றும் 'பெரிய அவசரம்', 'க்ஷீரான்ன அவசரம்' என்றே பெயர். அங்கே ஓட்டமும் இல்லை, பதற்றமும் இல்லை. உரிய வேளை என்பதே பொருள். வேளை என்பது நில்லாமல் போய்விடுவது. ஆகையால் விரைய வேண்டும். இப்படித்தான் தருணத்தைக் குறித்த சொல் தமிழர் வாயில் விரைவைக் குறிக்கலாயிற்று என்று தோன்றுகிறது. மலையாளத்தார் வேளையைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டோம்.

ரயில்வேக்காரர் ஆதலால் நமக்கு ஒரு வண்டியை வைத்துச் சொன்னால்தான் தெளிவாகும். கன்னியாகுமரிக்கும் அஸ்ஸாமிலுள்ள திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் விரைவு வண்டி 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது நம் பாறசாலை வழியாகத்தான் போகிறது. நாகர்கோவிலில் அவசரம் என்றால் விரைவு. எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் வாய்ப்பு. கோயம்புத்தூரில் மறுபடியும் விரைவு. விஜயவாடாவில் தெலுங்கர் 'அவசரம்' என்றால் தேவை. வண்டி வங்கத்துக்குள் புகுந்தால் வகரம் பகரமாகி 'அபசர்' போல ஒலிக்கும், பொருள் ஓய்வு! உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதற்கும் அங்கே அச்சொல்லே. நாம் தலைதெறிக்க ஓடுவதற்கு வைத்த பெயரை அவர்கள் சாய்வு நாற்காலிக்கு வைத்திருக்கிறார்கள். இந்திக்காரரின் 'அவசர்' மலையாளத்தோடு சேர்ந்தது; கன்னடம் நம்மோடு சேர்ந்தது. இலங்கையில் உறவினர் உள்ள அன்பர்கள் கேட்டுப் பாருங்கள். சிங்களத்தில் 'அவசர' என்றால் அனுமதி.

இத்தகைய இடறல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சீனரும் ஜப்பானியரும் சில எழுத்துக்களைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். கை, தாள் என்னும் இரண்டு எழுத்துக்களையும் சேர்த்து எழுதினால் ஜப்பானில் கடிதம். சீனத்தில் கழிவறையில் பயன்படும் தாள். புதிதாகப் பழகும் இரண்டு நண்பர்கள் அங்கே என்ன பாடுபடுவார்களோ!

தெரியாத சொல் நம்மைக் கெடுப்பதில்லை என்பதே இதில் நாம் பட்டறிந்தது. சாளரத்துக்காரர் 'திடுக்கம்' என்று சொல்லியிருந்தால் நாம் நின்று, என்ன என்று கேட்டிருப்போம். (மலையாளத்தில் திடுக்கம்தான் விரைவு, நமக்கோ அது திடுக்கிடுதல்.) தெரிந்த சொல்லாக இருந்ததால் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததோடு நில்லாமல், நமக்கு விளங்கியபடி ஒரு கதையையும் கட்டினோம். கூட்டம் நாளை வரைதான் என்று அவர் சொல்லவே இல்லை. அது நம் சொந்தச் சரக்கு.

மறுபுறமும் பாருங்கள். நாம் வாய்ப்பு என்பதை அவர்கள் வாயால் கேட்டால் 'வாய்ப்ப' என்று ஒன்று இருக்கிறது, அது கடன். கூட்டுறவு வங்கியில் போய் "ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று தமிழில் வேண்டினால் ஈடு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நாம் அவசரம் என்பதற்கு அவர்கள் 'அடியந்தரம்' என்பார்கள். 1975ஆம் ஆண்டின் நெருக்கடி நிலைக்கும் மலையாளத்தில் 'அடியந்தராவஸ்த' என்றே பெயர். அதற்கு மிக அருகில் 'அடியந்திரம்' என்று இன்னொன்று உண்டு. இறந்தவர்க்குச் செய்யும் சடங்கு அது. நம் வீட்டிலிருப்பவர் இரணியல் பக்கத்துப் பெண். அங்கும் சாவுச் சடங்குக்கு அந்தப் பேச்சு உண்டு. ஒருநாள் நாம் கடைக்குப் போயிருந்தபோது நிலையத்திலிருந்து, "அடியந்தரமாயிட்டு வரான் பறயணம்" என்று தொலைபேசி வந்திருக்கிறது. திரும்பி வந்தபோது வாசலில் அழுதுகொண்டு நின்றார். யாருக்கு என்னவென்று சொல்லாமல் வைத்துவிட்டார்களாம். ஓடிப்போய்ப் பார்த்தால், பார்சல் அறைச் சாவி நம் சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான் செய்தி.

இவ்வூர்ப் பழங்குடிகள் இப்படி இடறுவதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இரு பக்கமும் திருவிதாங்கூர்தான். களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்கும் கிழவிக்கு இரண்டு அவசரமும் தெரியும். வாங்குபவர் முகத்தைப் பார்த்தே இது எந்த அவசரம் என்று அறிந்துகொள்வாள். கிழக்கேயிருந்து பிழைக்க வந்த நமக்கே அந்தப் பழக்கம் இல்லை. நம் ரயில்வேயும் எல்லையைப் பார்ப்பதில்லை. 1979இல் அமைந்த திருவனந்தபுரம் கோட்டத்துக்குள்தான் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அடக்கம். ஆகவே ஒரே மேசையில் இரு மொழியாரும் அமர்ந்து, ஒரே சொல்லை இரண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், இம்மாநிலத்துத் தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தம் மொழியில் எழுதிக்கொள்ள இடம் தந்திருக்கிறது. அன்பர்கள் அதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் எழுதுவதற்குச் சட்டம் உண்டு. சாளரத்தில் ஒருவர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே சொல்லும் வாய்ச்சொல்லுக்கு எந்தச் சட்டம் வரும்?

அப்பெண் ஓராண்டு வீட்டில் இருந்தாள். மறு ஆண்டு மறுபடி விண்ணப்பித்து, அதே பிரிவில் இடம் பெற்றாள். இப்போது படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். இடம் தவறிய அந்த வாரத்திலேயே, அம்மைத் தழும்பு ஆறுமுன், நாம் அவளைப் பார்க்கப் போனோம். என்ன சொல்வதென்று நமக்கு விளங்கவில்லை. அவளே பேசினாள்: "மாமா, அவரு சொன்னத அப்படியே எங்கப்பாகிட்ட சொல்லிவிட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க தமிழாக்கிச் சொல்லிட்டீங்க." இரண்டு வாக்கியந்தான். அவளுடைய தாயார், "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்று அதட்டினார். நாம் அதட்ட வேண்டாம் என்று சொன்னோம்.

அந்த ஓராண்டில் எங்கள் தெருவுக்கு வந்த மலையாளக் கடிதங்கள், ரேஷன் அட்டைத் தாள்கள், மின்வாரிய அறிவிப்புகள் எல்லாவற்றையும் அவள்தான் படித்துச் சொன்னாள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், அங்கே சொல்வதைத் தமிழாக்காமல் சொன்னபடியே ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வரும்படி எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். நாமும் சட்டைப் பையில் ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறோம். அண்ணாச்சி மட்டும் தாளில் எழுதுவதில்லை. கேட்ட வாக்கியத்தை வாயிலேயே உருப்போட்டுக்கொண்டு வீடு வரை நடந்து வருகிறார். வழியில் யாராவது வணக்கம் சொன்னாலும் தலையை மட்டும் அசைப்பார்.

உங்கள் வீட்டில் இப்படி இடறிய சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த திங்கள் 'சம்சாரம்' என்னும் சொல்லைப் பார்ப்போம். மலையாளத்தில் அதற்குப் பேச்சு என்று பொருள். நம் வீட்டில் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதலாமா என்று கேட்டோம், அனுமதி கிடைக்கவில்லை.