நெஞ்சுவலி நின்றுவிட்டதா? ஆபத்து இன்னும் போகாமல் இருக்கலாம்

அப்பாவுக்குத் திடீரென நெஞ்சில் இறுக்கம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. "வெறும் கேஸ்தான், ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்" என்கிறார்.

நீங்கள் என்ன செய்வீர்கள்?

இசிஜி என்ன காட்டும்?

உடலில் 10 மின்முனைகளை ஒட்டி, இதயத்தின் மின் செயல்பாட்டை 12 கோணங்களில் பதிவுசெய்வதுதான் வழக்கமான இசிஜி. இதய ரத்தக்குழாய் முழுமையாக அடைபட்டால் பொதுவாக 'எஸ்டி' எனும் பகுதி மேலே எழும். ஆனால் எல்லா அடைப்பும் அப்படித் தெரிவதில்லை.

வலி இல்லாதபோது தெரியும் எச்சரிக்கை

1982இல் நெதர்லந்தைச் சேர்ந்த ஹைன் வெலன்ஸ் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள். சில நோயாளிகளுக்கு நெஞ்சின் முன்பக்கப் பதிவுகளான வி2, வி3இல் 'டி' அலை தலைகீழாக இருந்தது, அல்லது பாதி மேலும் பாதி கீழுமாக இருந்தது. இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் முக்கியக் குழாயில் கடும் அடைப்பு இருப்பதற்கான அறிகுறி அது.

சிக்கல் என்னன்னா, இந்த மாற்றம் வலி நின்ற பிறகுதான் பெரும்பாலும் தெரியும். அடைபட்ட குழாய் தற்காலிகமாகத் திறந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடைபடலாம். அந்த ஆய்வில் அறுவை சிகிச்சை செய்யப்படாத 16 பேரில் 12 பேருக்குச் சில வாரங்களில் பெரிய மாரடைப்பு ஏற்பட்டது. இந்த நிலையில் டிரெட்மில் சோதனை செய்வதே ஆபத்து.

'எஸ்டி' கீழே இருந்தாலும் ஆபத்தா?

ஆம். 2008இல் டெ விண்டர் என்ற மருத்துவரின் குழு மற்றொரு வடிவத்தை விவரித்தது. 'எஸ்டி' மேலே எழாமல், கீழிருந்து சரிவாக ஏறி, உயரமான 'டி' அலையில் முடியும். அதே முக்கியக் குழாய் அடைபட்டவர்களில் சுமார் 2 விழுக்காட்டினரிடம் இது காணப்பட்டது.

ஸ்மார்ட் வாட்ச் போதுமா?

போதாது. அது பொதுவாக ஒரே கோணத்தில்தான் பதிவுசெய்யும். துடிப்பின் ஒழுங்கைப் பார்க்க உதவும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது.

அப்போ என்ன செய்யணும்?

சிங்கப்பூரில் 995ஐ உடனே அழையுங்கள். நீங்களே காரோட்டிச் செல்ல வேண்டாம். வலி எப்போது வந்தது, எப்போது நின்றது என்பதைச் சொல்லுங்கள். முதல் இசிஜி இயல்பாக இருந்தாலும் அதை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

கேஸா இல்லையா என்பதை அப்பா முடிவுசெய்ய வேண்டாம். மருத்துவர் சொல்லட்டும்.