புதுசாக்கி அழிக்கிறார்கள்

போன வாரம் நண்பன் ஒருவன் காணொளி ஒன்றை அனுப்பியிருந்தான். துருப்பிடித்த பழைய பந்தயக் காரைப் பிரித்து, பெயின்டைச் சுரண்டி, தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, கடைசியில் கண்ணாடி மாதிரி மினுங்க வைக்கிறார்கள். மொத்தம் இருபது நிமிடம். கீழே எழுதியிருந்தான்: "செத்த காருக்கு உயிர் குடுத்திருக்கானுங்க பாருடா."

"உயிர் குடுக்கலடா, இருந்த உயிரையும் எடுத்துட்டானுங்க" என்று பதில் போட்டேன். கோபித்துக்கொண்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பந்தயக் காரின் உடம்பில் என்ன இருக்கிறது? ஒரு பெயின்டுக்கு அடியில் இன்னொரு பெயின்ட். அதற்கும் அடியில் வேறொரு பந்தயத்தில் ஒட்டிய எண்ணின் தடம். இரவோடு இரவாக மெக்கானிக் போட்ட அவசர வெல்டிங். அலுமினியத் தகட்டில் சுத்தியல் விழுந்த குழி. ஓட்டுநரின் தொடை உரசித் தேய்ந்த இருக்கை. இவை அழுக்கு அல்ல, சாட்சியம். இதையெல்லாம் சுரண்டிவிட்டு, "தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோல ஆக்கிவிட்டோம்" என்கிறார்கள். அந்த ஒரு நாளில் அந்தக் கார் எந்தப் பந்தயத்திலும் ஓடியிருக்கவில்லையே! நாம் அதைத் தேடிப் போகக் காரணமே அதற்குப் பிறகு நடந்ததுதானே?

ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே என்று ஒரு கார். பீட் பிராக் வடிவமைத்தது. மொத்தமே ஆறுதான் செய்தார்கள். 1965இல் ஃபெராரியைத் தள்ளிவிட்டு ஜிடி பிரிவின் பட்டத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவை இவை. ஆறில் முதலாவதன் எண் சிஎஸ்எக்ஸ் 2287. பந்தய வாழ்க்கை முடிந்து கைமாறிக் கைமாறி, கலிஃபோர்னியாவில் ஒரு கிடங்குக்குள் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வெளியே வந்ததும் வழக்கு, சண்டை எல்லாம் நடந்தது. கடைசியில் பிலடெல்பியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் பிரெட் சிமியோனிடம் சேர்ந்தது. வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் அடுத்த நாளே சுரண்ட ஆரம்பித்திருப்பார்கள். சிமியோன் அதைப் புதுப்பிக்காமல் தன் அருங்காட்சியகத்தில் வைத்தார். 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலாவதாக ஏறியது அந்தக் கார்தான். பளபளப்புக்குக் கிடைத்த இடமல்ல அது.

நண்பன் இங்கே மடக்குவான், தெரியும். "பந்தயக் காருன்னா உடையும், மாத்துவாங்க. ஒரிஜினல்னு ஒண்ணு எங்கடா இருக்கு?" நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. பிறகு அதற்குள் 8 லிட்டர் எஞ்சினை ஏற்றினார்கள். 1932இல் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் சரிவுக்கு மேலே பறந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். காரை மறுபடி கட்டினார்கள். 1990இல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், "இது அந்தக் காரே இல்லை" என்று பின்வாங்கியது. வழக்கில் பாகம் பாகமாக ஆராய்ந்தார்கள். 1930இல் வென்ற காரிலிருந்து மிஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு என்று சிலவே. ஆனாலும் நீதிபதி ஆட்டன், இதுதான் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். அவர் பார்த்தது அறுபடாத தொடர்ச்சியை. கார் ஒருநாளும் காணாமல் போய்த் திரும்பி வரவில்லை. மாறிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பு என் கட்சிக்கு எதிரானது என்று நினைத்தால் தப்பு. ஓடுவதற்காக மாற்றியது அந்தக் காரின் வாழ்க்கை. நடந்த மாற்றத்தை அழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் காட்டுவது பொய். இரண்டும் ஒன்றா? பிரேக் குழாய் இற்றுப்போனால் மாற்றத்தான் வேண்டும், யாரும் உயிரைப் பணயம் வைத்து வரலாற்றைக் காக்கச் சொல்லவில்லை. மாற்றியதை எழுதி வை, கழற்றியதை எறியாதே. நான் கேட்பது இவ்வளவுதான்.

பொய்யின் உச்சத்தையும் பார்த்துவிடுவோம். 1957 பிப்ரவரியில் ஜாகுவார் தொழிற்சாலை தீப்பிடித்தது. எக்ஸ்கேஎஸ்எஸ் வகையில் 25 கார்கள் செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். 9 கார்கள் தீயில் போயின, 16தான் பிழைத்தன. 2016இல் அதே நிறுவனம், எரிந்த ஒன்பதுக்குப் பதிலாக ஒன்பது புதுக் கார்களைக் கட்டி, ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் விற்கப்போவதாக அறிவித்தது. வேலைத்திறனில் குறை சொல்ல முடியாது. புதுக் கார் என்று விற்றால் எனக்கென்ன வழக்கு? ஆனால் அதை 1957இன் 'தொடர்ச்சி' என்றார்கள். நடுவில் அறுபது வருடம் எங்கே? அந்தத் தீயும் வரலாறுதான். அதைப் பணம் கொடுத்து அணைக்க முடியாது.

இலக்கிய இதழில் கார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உ.வே.சா. சுவடிகளை ஒப்பிட்டபோது தனக்குப் பிடித்த பாடத்தை மட்டும் அச்சிட்டு மற்றதை மறைத்துவிடவில்லை. பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். அதனால்தான் அவர் முடிவோடு நாம் இன்றைக்கும் சண்டை போட முடிகிறது. எல்லாவற்றையும் சுரண்டிப் பளபளப்பாக்கிய காரோடு சண்டை போட வழியே இல்லை. புதுப்பித்தவன் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

அடுத்த தடவை அந்த மாதிரிக் காணொளி வந்தால், மினுங்கும் கடைசி நிமிடத்தை விட்டுவிடு மச்சான். பெயின்டைச் சுரண்டுகிற முதல் நிமிடத்தில் நிறுத்திப் பார். தரையில் தூளாக விழுகிறதே, நீ பார்க்க வந்த கார் அதுதான்.